வெற்றி திருவருட்குச் சான்றாகுமோ?

உலகத்து மாந்தர் நெடுங்காலமாக ஒரு வழக்கினைக் கையாண்டு வருகின்றனர். தாம் எடுத்த கருமம் இனிது முடிந்தவழி 'இஃது இறைவன் திருவருள்' என்பர். தம்மொடு மாறுபட்டான் ஒருவன் கெட்டவழி 'இஃது இறைவன் கொடுத்த தண்டம்' என்பர். தமக்கே கேடு வந்துழியோ வாய்வாளாதிருப்பர், அன்றி 'இறைவனுக்குக் கண்ணில்லையோ' என்று நொந்துகொள்வர். இம்மூன்று கூற்றும் ஒரு நாவிற் பிறப்பன. முதலாவது பத்தி போலவும், இரண்டாவது நீதி போலவும், மூன்றாவது துயர் போலவும் தோன்றினும், மூன்றிற்கும் அடிப்படையாய் நிற்பது ஒரே கொள்கையாம். புறத்தே காணப்படும் ஆக்கமும் கேடும் திருவருளை அளக்கும் கோல் என்பதே அது. அக்கோல் நேரியதோ கோணியதோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு ஆதிக் கிறிஸ்து சபையின் வரலாற்றை எடுத்துக்கொண்டாம். என்னை? அக்கூட்டத்தார் ஏறக்குறைய 250 ஆண்டு இடையிட்டு இடையிட்டு ஒறுக்கப்பட்டு, பின்னர் ஒரு தலைமுறைக்குள் அரசுகட்டிலின் அருகே ஏறி, அதன்பின் நூறாண்டு செல்லுமுன் தாம் நம்பிய பேரரசின் தலைநகர் சூறையாடப்படக் கண்டனர். ஆக்கமும் கேடுமாகிய இரண்டனையும் அடுத்தடுத்துக் கண்டு, இரண்டனைக் குறித்தும் தமக்குள்ளேயே நூலெழுதி வழக்காடிய கூட்டத்தார் சிலரே. பிற சமயத்தார் வரலாற்றை ஆராயுங்கால் அவர் கொண்ட பொருளை அவர் கொண்டவாறே எடுத்துரைத்தல் முறையாகலின், அவ்வாறே செய்வாம்.

இறைவன் உலகினை முன்னறிந்து பேணுதலைக் கிரேக்கர் 'புரோநோயா' என்றும், உரோமர் 'புரொவிதென்சியா' என்றும் வழங்கினர். கிறிஸ்தவர் தோன்றுதற்கு முன்னரே ஸ்தோயிக்கர் என்னும் தத்துவ நூலார் அச்சொல்லைப் பெரிதும் ஆண்டனர். கிறிஸ்தவ ஆசிரியர் அதனை ஏற்றுத் தம் ஆண்டவன் செயலுக்கு உரியதாக்கினர். நம் நாட்டுக் கிறிஸ்தவர் 'தேவபராமரிப்பு' என்பதும் இதனையே. நாம் திருவருட் செயல் என்பதற்கு இஃது அணித்தாகலின், இக்கட்டுரையில் திருவருள் என்னுஞ் சொல்லே ஆளப்படும்.

சபை தோன்றிய நாளிலேயே இவ்வினா எழுந்தமை 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்னும் நூலாற் புலனாம். எருசலேமில் அப்போஸ்தலர் ஆலோசனைச் சங்கத்தின்முன் நிறுத்தப்பட்டு, அவரைக் கொல்லவேண்டும் என்று பலர் சினந்த காலை, கமாலியேல் என்னும் பரிசேய நூலாசிரியர் எழுந்தனர். தெயுதாஸ், கலிலேயனாகிய யூதாஸ் என்னும் இருவர் எழுப்பிய கிளர்ச்சிகள் அவர் மடிந்தபின் சிதறிப்போனமையை அவர் எடுத்துக்காட்டினர். இதுவும் மனிதர் செயலாயின் தானே அழியும், இறைவன் செயலாயின் நும்மால் அழித்தல் இயலாது, ஆகலின் இவரை விட்டுவிடுதலே தக்கது என்பது அவர் கூறிய அறிவுரையின் சாரம்.

பிற்காலத்தார் பலர் இவ்வறிவுரையை ஓர் அளவையாகக் கொண்டு, 'சபை அழியாது நின்றது. ஆகவே அது தெய்வச் செயல்' என்று முடித்தனர். நிலைபெற்றன அனைத்தும் தெய்வச் செயல் எனின், பல நூற்றாண்டு நிலைபெற்ற அடிமை வாணிகமும் தெய்வச் செயலாய் முடியுமன்றோ? கமாலியேல் கூறியதன் கருத்து அஃதன்று. அவர் அதனை யாரை நோக்கிக் கூறினார், எதன்பொருட்டுக் கூறினார் என்பவற்றை நோக்குதல் வேண்டும். ஒறுக்க ஓங்கிய கையைத் தடுத்தற்பொருட்டு, ஒறுப்பாரை நோக்கியே அவர் கூறினர். வென்றார் தலையில் முடிசூட்டுதற்கு அவர் அதனைக் கூறிற்றிலர். 'இறைவன் செயல் யாதென யாம் அறியேம். ஆகவே கொல்லற்க' என்பதே அதன் உட்கிடை. அறியாமையை ஒப்புக்கொண்டு கைவாங்குதற்குக் கூறிய மொழியை, அறிந்தேம் என்று தருக்குதற்குக் கருவியாக்குதல் பொருந்தாது.

இனி, ஒறுப்புக் காலத்தை நோக்குவாம். 64-ஆம் ஆண்டில் உரோமாபுரி தீப்பற்றி எரிந்தபின் நீரோ மன்னன் கிறிஸ்தவர்மேற் பழியேற்றிக் கொடுங்கொலை செய்தான். 112-ஆம் ஆண்டளவில் பித்தினியா நாட்டு ஆளுநனாகிய பிளினி, இவரை எவ்வாறு தண்டிப்பது என்று திராயன் மன்னனுக்கு எழுதி வினாவினான். 177-ஆம் ஆண்டில் கால் நாட்டு லியோன் நகரில் நிகழ்ந்தது பெருங்கொடுமை. ஆண்டுப் பிளந்தினா என்னும் அடிமைப் பெண்ணொருத்தி பலநாள் வதைக்கப்பட்டும் தன் கொள்கையினின்றும் வழுவாது உயிர்நீத்தாள். இறந்தார் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் எறிந்தவர், 'இவர்தம் கடவுள் எங்கே? உயிரினும் பெரிதாகக் கொண்ட சமயத்தால் இவர் பெற்ற பயன் யாது?' என்னுங் கருத்துப்பட எள்ளினர் என்று அந்நகரச் சபையார் வரைந்த திருமுகம் கூறுகின்றது.

இவ்வெள்ளலை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது. வெற்றியே திருவருட்குச் சான்றெனின், அன்று ஆற்றங்கரையில் நின்று நகைத்தவர் கூறியதே மெய்யாம். அவர் கையிற் பிடித்ததும் அக்கோலே. பிற்காலத்துக் கிறிஸ்தவர் அரசாதரவு பெற்றபின் கையில் எடுத்ததும் அதே கோலாதல் இனிக் காண்க.

துன்பக்காலத்திலும் சபையாருட் சிலர் திருவருளைப் பேரரசின் அமைதியிற் கண்டனர். சர்தை நகரக் கண்காணியார் மெலித்தோ, மார்க்கு அவுரேலிய மன்னனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், தம் சமயமும் அகுஸ்து மன்னன் நிறுவிய பேரரசும் ஒருங்கே வளர்ந்தமையை எடுத்துக்காட்டினர். ஓரிஜென் என்னும் பேரறிஞர், 248-ஆம் ஆண்டளவில் செல்சு என்பானை மறுத்தெழுதிய நூலில், நாடுகள் பலவாய்ப் போரிட்டிருந்தால் நற்செய்தி பரவுதல் அரிதாயிருக்கும் என்றும், அதன்பொருட்டே அகுஸ்து காலத்து அவை ஓராட்சிக்கீழ் வந்தன என்றுங் கருதினர். நெடுஞ்சாலைகளும், கடற்கொள்ளை ஒடுங்கிய கடல்வழியும், எங்கும் வழங்கிய கிரேக்கமொழியும் சமயம் பரவத் துணைசெய்தன என்பதை இன்றை வரலாற்று நூலாரும் மறுத்திலர். ஆயினும், அந்நூல் எழுதிய இரண்டோராண்டில் அவ்வோராட்சியே ஓரிஜெனைச் சிறையிலிட்டு வதைத்தது. அவர் அதனால் மெலிந்து, சில ஆண்டிற்குள் இறந்தனர். சாலை நற்செய்தி கொண்டு செல்வார்க்கு உதவியவாறே ஒறுக்கும் ஆணை கொண்டு செல்வார்க்கும் உதவிற்று.

அவ்வொறுப்பினைத் தொடங்கியவன் டெசியு மன்னன். பேரரசின் மாந்தர் யாவரும் உரோமத் தெய்வங்கட்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும் என்று அவன் ஆணை பிறப்பித்தான். அச்சீட்டுக்கள் பல 19-ஆம் நூற்றாண்டின் இறுதிதொட்டு எகிப்து நாட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கிறிஸ்தவருள் அஞ்சிப் பலியிட்டாரும், பலியிடாமலே பொருள் கொடுத்துச் சீட்டு வாங்கினாரும் பலர். 251-ஆம் ஆண்டில் டெசியு கோத்தியரொடு பொருது மடிந்தான். பின்னர் ஒறுத்த வலேரியன் 260-ஆம் ஆண்டிற் பாரசீக மன்னன் கையிற் சிறைப்பட்டான். இவற்றையெல்லாம் தொகுத்து, ஒறுத்த மன்னர் ஒவ்வொருவரும் எங்ஙனம் இழிவாக இறந்தனர் என்று காட்டுதற்கே லக்தான்சியு என்பவர் ஒரு நூல் செய்தனர். 311-ஆம் ஆண்டில் கலேரியு மன்னன் கொடுநோயால் அழுகி இறந்தமையை அவர் விரித்துரைக்கும் பகுதி படிப்பார்க்கு அருவருப்பூட்டுவது. பகைவன் புண்ணை இத்துணை விரிவாக வருணிக்கும் உள்ளத்தில் நீதியின் மகிழ்ச்சி மாத்திரமே உளதோ, வேறும் ஒன்று கலந்துளதோ என்பதைப் படிப்பார் தம் நெஞ்சையே வினாவிக் கொள்க.

312-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் உரோமாபுரியின் புறத்தே மில்வியன் பாலத்தருகில் கான்ஸ்டன்டைன் மாக்சென்சியுவை வென்றான். அவ்வெற்றியைக் கிறிஸ்துவின் அருளாற் பெற்றதாக அவன் கொண்டான். அடுத்த ஆண்டு மிலான் நகரில் அவனும் லிசினியுவும் செய்த உடன்படிக்கையாற் கிறிஸ்தவர்க்கு வழிபாட்டுரிமையும் இழந்த சொத்தும் மீண்டன. 303-ஆம் ஆண்டுதொட்டு டையோகிளீசியன் தொடங்கிய கொடிய ஒறுப்பினைக் கண்ணாரக் கண்டவரும், செசரியா நகரக் கண்காணியாருமாகிய யூசேபியு இதனைக் கண்டு உவகை மேலிட்டமை இயல்பே. வேதநூல்கள் தெருவில் எரிக்கப்படவும் தம் ஆசிரியர் பம்பீலு கொலையுண்ணவுங் கண்டவர், அவ்வரசவையிலேயே கண்காணிமார் மதிக்கப்படக் கண்டால் வேறென் சொல்வர்? அவர் கான்ஸ்டன்டைனது வாழ்வைக் குறித்தெழுதிய நூலிலும், அவனது 30-ஆம் ஆட்சியாண்டு விழாவில் நிகழ்த்திய உரையிலும், வானத்து ஓரிறை ஆட்சிக்கு மண்ணில் ஒத்த உருவம் இவ்வோரரசன் ஆட்சியே என்னுங் கருத்தினை நிறுவினர்.

அவர் உவகையை நாம் பழித்தல் வேண்டா. ஆயினும் அவ்வுவகை எதனை மறைத்தது என்று காண்டல் வேண்டும். 326-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் தன் மூத்த மகன் கிரிஸ்புவைக் கொல்வித்தான். அவ்வாண்டிலேயே அவன் மனைவி பௌஸ்தாவும் மடிந்தாள். யூசேபியு எழுதிய அவன் வரலாற்றில் கிரிஸ்புவின் கொலை ஓரிடத்தும் கூறப்பட்டிலது. அரசன் திருவருளின் கருவி என்று ஒருமுறை துணிந்தபின், அவன் செய்த கொலையைக் கூற நா எழாது போயிற்று. கொலையுண்ட அவ்விளைஞனுக்கு ஆசிரியராயிருந்தவர் முற்கூறிய லக்தான்சியுவே. ஒறுத்தார் சாவையெல்லாம் எண்ணி எண்ணித் தண்டம் என்று எழுதியவர்தம் மாணாக்கன் சாவு எக்கணக்கில் எழுதப்படும்?

இன்னும் ஒன்று. உரோமப் பேரரசன் கிறிஸ்தவர்க்குப் புரவலனானமை ஆண்டுள்ள கிறிஸ்தவர்க்கு நன்மையாய் முடிந்தது. பாரசீகத்திலிருந்த கிறிஸ்தவர்க்கோ அதுவே பெருந்தீங்காய் முடிந்தது. பாரசீகர், பகையரசனது சமயத்தைக் கொண்டாராகலின் இவர் அவனுக்கு ஒற்றராவர் என்று ஐயுற்றனர். இரண்டாம் ஷாப்பூர் மன்னன் காலத்து, 340-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஒறுப்பு அவன் இறந்த 379-ஆம் ஆண்டளவும் பலமுறை எழுந்தது. இருமடங்கு வரி தண்டித்தருக என்னும் ஆணையை ஏலாத சிமியோன் என்னுங் கண்காணியாரும் அவரொடு பலரும் வெட்டுண்டனர். நிகழ்ச்சி ஒன்று, சமயமும் ஒன்று, எல்லைக்கு இப்பால் அருள், அப்பால் ஒறுப்பு என்றாயிற்று. புற நிகழ்ச்சியைக் கோலாகக் கொள்வார் இதற்கு யாது விடை கூறுவர்?

அரசாதரவின் கேடு சபைக்குள்ளும் தோன்றிற்று. ஒறுக்கப்பட்டிருந்தவர் கையில் ஒறுக்கும் வாள் வந்தபோது அவருட் சிலர் அதனை மறுத்திலர். 385-ஆம் ஆண்டளவில் பிரிசில்லியன் என்னும் ஸ்பெயின் நாட்டுக் கண்காணியாரும் அவரைச் சேர்ந்தார் சிலரும், பிற கண்காணிமார் முறையிட்டதன்பேரில், திரியர் நகரிற் கிறிஸ்தவ மன்னனாற் கொல்லப்பட்டனர். அப்பொழுது அதனைக் கடிந்து தடுக்க முயன்றவர் தூர் நகர மார்ட்டின் என்னும் பெரியார். பிரிசில்லியன் கொள்கையை அவர் ஏற்றவரல்லர்; ஆயினும் கொள்கைப்பிழைக்கு வாள் விடையாகாது என்று நின்றனர். முன்னைக் கமாலியேலின் மொழியைப் பொருளுணர்ந்து பின்பற்றினவர் இவரெனல் தகும்.

இனி, 410-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் அலாரிக்கு என்னும் கோத்தியர் தலைவன் உரோமாபுரியைச் சூறையாடினான். அங்ஙனம் அந்நகர் பகைவர் கைப்பட்டது ஏறக்குறைய 800 ஆண்டிற்குப் பின்னராம். பழைய தெய்வங்களை வழிபட்டிருந்தார், 'நம் தெய்வங்களைத் துறந்தமையால் அன்றோ நகர் கெட்டது. உங்கள் கடவுள் ஏன் காத்திலர்?' என்றனர். இக்கேள்விக்குக் கிறிஸ்தவர் பலர் விடையறியாது திகைத்தனர். திகைத்தற்குக் காரணம் என்னை? வெற்றியைச் சான்றாகக் காட்டினார்க்குத் தோல்வி எதிர்ச்சான்றாய் வந்து நிற்கும். தாம் எறிந்த கல்லே தம்மேல் மீண்டது.

இதற்கு விடையிறுத்தவருள் இருவர் சிறந்தார். ஒருவர் ஒரோசியு. அவர் ஏழு பகுதியாக ஒரு வரலாறு எழுதி, கிறிஸ்தவ காலத்துக் கேடுகளினும் முற்காலத்துக் கேடுகள் கொடியன என்று காட்ட முயன்றனர். இவர் கோலை எறிந்தாரல்லர். அதே கோலால் மீட்டும் அளந்து, கணக்குத் தமக்கே ஆதாயம் என்றனர்.

மற்றவர் ஆப்பிரிக்க நாட்டு ஹிப்போ நகரக் கண்காணியார் அகுஸ்தீனார். அவர் 413-ஆம் ஆண்டு தொடங்கி 13 ஆண்டளவாக 22 பகுதிகளில் 'கடவுள் நகரம்' என்னும் பெருநூல் இயற்றினர். அவர் அக்கோலையே முறித்தார் எனல் வேண்டும். இம்மை நலமும் தீங்கும் நல்லார்க்குந் தீயார்க்கும் பொதுவாகவே வருவன. வேறுபாடு வந்த பொருளிலன்று, அதனை ஏற்கும் உள்ளத்திலேயே உளது என்பது அவர் முடிபு. கான்ஸ்டன்டைன் நெடுங்காலம் இனிது ஆண்டான் என்பதை அவரும் மறுத்திலர். ஆயினும், அவன் பெற்ற வாழ்வை விரும்பி ஒருவன் கிறிஸ்தவனாதல் கூடாது என்பதற்காகவே, கிறிஸ்தவனாகிய ஜோவியன் சமயப் பகைவனாகிய ஜூலியனினும் விரைவில் இறந்தான் என்றும், பத்திமானாகிய கிராசியன் கலகக்காரன் வாளுக்கிரையானான் என்றும் அவர் எடுத்துக்காட்டினர். தம் தரப்பிற்கு மாறான சான்றினைத் தாமே எடுத்து முன்வைத்த இந்நேர்மை போற்றத்தக்கது.

அற்றேல், வரலாற்றில் திருவருட் செயலே இல்லை என்பீரோ எனின், அற்றன்று. அதனைக் காணவேண்டிய இடம் வேறு என்பதே யாம் கூறுவது.

டெசியு மன்னன் காலந்தொட்டு ஏறக்குறைய பன்னீராண்டு பேரரசெங்கும் ஒரு கொள்ளைநோய் பரவிற்று. அலெக்சாந்திரியா நகரக் கண்காணியார் தியோனீசியு அந்நாளிலே எழுதிய திருமுகத்தில், பிறர் நோயுற்ற தம் சுற்றத்தாரையும் உயிர் போகுமுன்னரே தெருவில் எறிந்து ஓடினர் என்றும், சபையாருள் தலைசிறந்தார் பலர் நோயாளரைத் தொட்டுப் பேணி, அந்நோயையே தாம் ஏற்று இறந்தனர் என்றும் கூறுகின்றார். கார்த்தேஜ் நகரில் இக்கேடெல்லாம் கிறிஸ்தவரால் விளைந்தது என்று பழிதூற்றினர் ஊரார். அவ்வூர்க் கண்காணியார் சிப்ரியன், பழிதூற்றியவர்க்கும் உதவுக என்று தம் மக்களை ஏவினர். அவரே 258-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே தலை வெட்டுண்டனர். உரோமாபுரிச் சபை 251-ஆம் ஆண்டளவில் கைம்பெண்டிரும் வறியருமாக 1500-க்கு மேற்பட்டாரை ஓம்பி வந்தமை அந்நகரக் கண்காணியார் கொர்னேலியு எழுதிய முடங்கலால் அறியப்படும். சபைக்குப் பகைவனாகிய ஜூலியன் மன்னனே 362-ஆம் ஆண்டில் தன் சமயக் குருவொருவனுக்கு எழுதுங்கால், கலிலேயர் தம் வறியரையே அன்றி நம் வறியரையும் ஊட்டுகின்றனர் என்று நாணினான்.

இதற்கும் ஒரு தடை எழும். இப்பணியே சபை பெருகுதற்குக் காரணமாயிற்று என்று ராட்னி ஸ்டார்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1996-இல் வெளியிட்ட நூலில் வாதித்துள்ளார். நோயாளர்க்கு நீரும் உணவும் கொடுத்த அளவிலேயே பலர் பிழைத்தனர், பிழைத்தவர் சபையைச் சார்ந்தனர் என்பது அவர் கருத்து. ஆகவே இதுவும் வெற்றிக் கணக்கேயன்றோ எனின், கூறுதும். பெருக்கம் பின்னர் விளைந்திருக்கலாம். நோயாளன் தலையை மடிமேல் ஏந்தி, அன்றிரவே தானும் மாண்டவனுக்கு அப்பெருக்கம் யாதாயிற்று? அவன் எண்ணியது வெற்றியன்று. பிற்காலத்து வரும் அரசனை அவன் கனவிலும் கண்டிலன். அவன் கை நீண்டதே திருவருட் செயல். பின்விளைவு வரினும் வாராதொழியினும் அச்செயலின் தூய்மை கூடுதலும் குறைதலும் இன்று.

ஆகவே, மூன்றனைப் பிரித்துணர்தல் வேண்டும். திருவருள் யாண்டும் உளது என்பது துணிபு. அஃது இன்ன நிகழ்ச்சியில் இன்ன பயன் கருதிற்று என்பது ஊகம். அஃது என்னை இப்பொழுது இன்னது செய்க என்று பணிக்கின்றது என்பது கடமை. ஊகத்தைத் துணிபாக்கிக் கடமையை மறத்தலே யூசேபியு முதலானோர் பிழை. ஊகத்தை ஊகமாகவே வைத்துக் கடமையைத் துணிபாகக் கொண்டமை, நோயாளரைப் பேணினார் பெருமை.

சைவராகிய நமக்கு இது புறத்தார் கதையன்று. மறைத்தலும் அருளே என்று ஓதியுணர்ந்த நாம், துன்பத்தை அருளின்மைக்கு அடையாளமாகக் கொள்ளுதற்கு இடமில்லை. ஆயினும் நடப்பில் யாது செய்கின்றோம்? வாயிலில் வந்து நின்ற வறியனை நோக்கி 'அவன் வினை' என்று கூறிக் கதவடைப்பார் நம்முள் இலரோ? மகவை இழந்தாள் ஒருத்தியிடம் சென்று 'முற்பிறப்பிற் செய்தது' என்று தேற்றுவது போலச் சுடுவார் இலரோ? வினையுண்மை நம் கொள்கை. ஆயின் பிறன் வினைக்கணக்கைப் படிக்கும் கண் நமக்குத் தரப்பட்டிலது. தன் துன்பத்தைத் தன் வினைப்பயன் என்று கொண்டு பொறுத்தல் ஞானத்தின்பாற்படும். பிறன் துன்பத்தை அவன் வினைப்பயன் என்று கூறி வாளாவிருத்தலோ, அவ்வுண்மையையே வன்னெஞ்சிற்குத் திரையாக்குதலாம்.

அகுஸ்தீனார் முடிவினைக் கூறி இதனை நிறுத்துதும். 430-ஆம் ஆண்டில் வாண்டலர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டனர். முற்றுகையின் மூன்றாந் திங்களில், ஆகஸ்டு 28-ஆம் நாள், அகுஸ்தீனார் நோயுற்று இறந்தனர். அவர் நகர் காக்கப்பட்டிலது. 698-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் அரபியர் வசமானபின், சிப்ரியனும் அகுஸ்தீனாரும் விளங்கிய அந்நாட்டுச் சபை நாளடைவில் தேய்ந்து மறைந்தது. ஓங்கியது அருளெனின் மறைந்தது அருளின்மையோ? அச்சபையார் நோயாளர்க்கு வார்த்த நீர் வார்த்ததே. அஃது இல்லையாதல் யாண்டும் இல்லை. உரோமாபுரி வீழ்ந்தபோதும் 'எம் கடவுள் எங்கே' என்று கலங்காமைக்கு ஒருவன் கற்கவேண்டியது, அது வென்றபோது 'எம் கடவுள் ஈதே' என்று தருக்காமையாம். இரண்டிடத்தும் ஒருதன்மையனாய் நின்று, எதிர்வந்தான் துயரைத் துடைப்பவன் திருவருளை அளப்பதில்லை, அதன்வழி நிற்கின்றான். அறிஞர் ஆராய்ந்து கொள்வாராக.